பேசின் வேஸ்ட் பைப்ல நட்டு கிட்ட ஒழுகுதுன்னு கேட்டதுக்கு

டெஃப்லான் டேப் (மரையில சுத்துற மெல்லிசு வெள்ளை டேப்) எவ்வளவு சுத்தினாலும் அங்க ஒழுகுறது நிக்காதுங்க. அந்த நட்டுல தண்ணிய தடுக்குறது மரை இல்ல, உள்ள இருக்க ரப்பர் வாஷர்தான், டேப்ப எடுத்துடுங்க.

சுவத்து ஓட்டை இடது பக்கம் தள்ளி இருக்கு, 90 டிகிரி எல்போவும் (வளைவுக்கு போடுற பைப் துண்டு) சேரல 45 டிகிரியும் சேரலன்னு சொல்றீங்க, அதுக்கு ஃப்ளெக்ஸிபிள் பைப் போட்டது சரிதான், ஆனா நட்ட விட்டு வெளிய வந்ததுமே பைப்ப மடக்கியிருப்பீங்கன்னு நினைக்கிறேன், அதனால வாஷர் ஒரு பக்கம் நசுங்கி இன்னொரு பக்கம் இடைவெளி விடும்.

1. நட்ட முழுசா கழட்டுங்க. பைப் தானா ஒரு பக்கம் துள்ளி விலகுச்சுன்னா இழுப்புல இருக்குன்னு அர்த்தம், நீளமான பைப்பா மாத்தணும்.

2. வாஷர்ல சாய்வு பக்கம் எது, தட்டை பக்கம் எதுன்னு பாருங்க, தலைகீழா போட்டிருந்தாலும் ஒழுகும்.

3. நட்டுலேர்ந்து ஒரு ரெண்டு இன்ச் நேரா இறக்கி அப்புறம் வளைங்க. கையால டைட் பண்ணா போதும், ஸ்பேனர் போட்டா பிளாஸ்டிக் நட்டு வெடிச்சிடலாம்.

பேசின்ல தண்ணிய ரொப்பி ஒரேயடியா திறந்து விட்டு, டிஷ்யூ பேப்பரால நட்ட சுத்தி தொட்டுப் பாருங்க, சும்மா குழாய திறந்து பாத்தா தெரியாது.

ஒண்ணு, இந்த நெளி பைப்ப சுவத்துக்குள்ள வெச்சு பூசிடாதீங்க, மடிப்புல அழுக்கு சேரும், எப்படியும் ஒரு நாள் கழட்டி கழுவணும். கிச்சன் சிங்க்னா எண்ணெய் பிசுக்குக்கு இன்னும் சீக்கிரம் அடைக்கும்.