பிள்ளைக்குப் பாட்டு வருமா? இசையாசிரியர் பதில்கள்

மகளுக்கு மூன்று வயது. பாட்டு வகுப்பில் சேர்க்கலாமா?

இப்போது வேண்டாம், அம்மா. மடியில் வைத்து ‘சாய்ந்தாடம்மா சாய்ந்தாடு’ பாடுங்கள். தாளம் முதலில் உடம்பில் ஏறட்டும். ‘இவளுக்குக் குரல் இல்லை’ என்று மட்டும் அவள் காதுபட ஒருவரும் சொல்லக் கூடாது.

இசையறிவு பிறவியிலேயே வருவதா, வளர்ப்பில் வருவதா?

பிறக்கும்போது காது எல்லா இசைக்கும் திறந்திருக்கிறது. வளரும் இடம் அதைப் பழக்கிவிடுகிறது. எரின் ஹானன், சாண்ட்ரா டிரெஹப் இருவரும் 2005இல் வெளியிட்ட ஆய்வுகளைப் பாருங்கள். தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் நாட்டுப்புற இசையில் ஏழெண்ணிக்கைத் தாளம் உண்டு. அது பிசகினால் வட அமெரிக்கப் பெரியவர்களுக்குத் தெரியவில்லை. ஆறு மாதக் குழந்தைகளுக்குத் தெரிந்தது. ஒரு வயதுக் குழந்தைகள் ஏறக்குறையப் பெரியவர்களைப் போலாகியிருந்தார்கள். ஆனால் இரண்டு வாரம் வீட்டில் அந்த இசையைக் கேட்டதும் பிடித்துக்கொண்டார்கள். நம் கர்நாடக இசையின் மிஸ்ர சாபு தாளமும் ஏழுதான்: தகிட தகதிமி. அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை எண்ணுவதே இல்லை, தட்டிவிட்டுப் போகிறது. கேட்காத பிள்ளை வகுப்பில் விரல்விட்டு எண்ணித் தவிக்கிறது.

எந்தக் கீபோர்டு வாங்கலாம்?

கடையில் கேளுங்கள், ஐயா.

ஐந்து வயது மகன். எப்போது தொடங்கலாம்?

முதல் பதிலைப் படியுங்கள்.

முதல் சுரப் பயிற்சியான சரளி வரிசையை ஏன் மாயாமாளவகௌளை ராகத்தில் தொடங்குகிறோம்? சங்கராபரணம் எளிதல்லவா?

கர்நாடக இசைப் பாடமுறையைப் புரந்தரதாசர் இப்படி வகுத்ததாக மரபு சொல்கிறது. ‘சரிகம’வில் உள்ள இடைவெளிகளே ‘பதநிச’விலும் வருவதால் பிள்ளைகள் எளிதில் பிடித்துக்கொள்வார்கள்.

மறுபடியும் நான்தான். சங்கராபரணத்திலும் இரு பாதியும் ஒன்றுபோல்தானே இருக்கின்றன?

ஆம், நீங்கள் சொல்வது சரி. என் காரணம் போதாது. உண்மையில் எந்த ராகம் என்பதைவிட, அதற்கு முன் பிள்ளை எத்தனை பாட்டுப் பாடியிருக்கிறது என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஹங்கேரியில் இசையமைப்பாளர் கோடாய் நாட்டுப்பாடலை இசையின் தாய்மொழியாகக் கருதினார். அவர் வழியில் நடக்கும் பாட்டுப் பள்ளி 1950இல் கெச்கெமெட் நகரில் தொடங்கியது. பாடித் தெரிந்த பாட்டிலிருந்தே சுரத்தை அங்கே பிரித்துக் காட்டுகிறார்கள். நம்மிடம் கும்மியும் ஊஞ்சல் பாட்டும் இருக்கின்றன. அவற்றைத் தாண்டிக் குதித்துச் சரளிக்குப் போகிறோமே, அதுதான் என் வருத்தம்.

அப்படியானால் சரளி வரிசையே வேண்டாமா?

அப்படிச் சொல்லவில்லை. ஒரு வருடம் பாட்டு, பிறகு சரளி.

பதின்மூன்று வயது மகனுக்குக் குரல் உடைகிறது. நிறுத்திவிடலாமா?

பருவ வயதில் வரும் மகரக்கட்டு இது, அம்மா. சுருதியை இறக்கிக்கொண்டு மென்மையாகப் பாடட்டும். மேல் ஸ்தாயியில் வற்புறுத்தாதீர்கள். ‘குரல் இல்லை’ என்ற சொல் இவன் காதிலும் விழ வேண்டாம்.