எதிர்ப்பு சக்தி குறைந்ததால்தான் இந்த வலியா?

கேள்வி: எனக்கு 31 வயது. மாதவிலக்கு நாட்களில் சுருண்டு படுத்துவிடுவேன். போன மாதம் லேப்ராஸ்கோபி (வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமராவால் பார்ப்பது) செய்து, எண்டோமெட்ரியோசிஸ் என்றும் இடது சினைப்பையில் சாக்லேட் கட்டி என்றும் சொன்னார்கள். எதிர்ப்பு சக்தி குறைந்ததால்தான் இது வருகிறது என்று சொந்தக்காரர் ஒருவர் மாதம் 3,000 ரூபாய்க்கு ஒரு பொடி வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா டாக்டர்? எனக்குத் தைராய்டும் இருக்கிறது.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: வேண்டாம்மா. அந்தப் பணம் உங்கள் கையிலேயே இருக்கட்டும். ஆனால் அவர் சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மாதவிலக்கு ரத்தம் முழுவதும் வெளியே வந்துவிடுவதில்லை. கொஞ்சம் கருக்குழாய் வழியாகப் பின்னோக்கிப் போய் வயிற்றுக்குள் சொட்டும். அதிலுள்ள கருப்பைத் திசு அங்கே ஒட்டி வளர்வதுதான் இந்த நோய் என்று 1920-களில் சாம்ப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் சொன்னார். சரி, ஆனால் கருக்குழாயில் அடைப்பில்லாத பெண்களில் 100-க்கு 90 பேருக்கு இப்படிச் சொட்டத்தான் செய்கிறது. நோய் வருவதோ ஏறக்குறைய 10 பேருக்கு. மற்றவர்கள் வயிற்றில் விழுந்ததையெல்லாம் யார் கூட்டி அள்ளுகிறார்கள்?

மேக்ரோபேஜ் என்ற வெள்ளை அணுக்கள்தான். உங்களைப் போன்றவர்களின் வயிற்று நீரைச் சோதித்தால் அவை குறைந்திருப்பதில்லை, கூடுதலாகவே இருக்கின்றன. ஆனால் விழுங்கி ஒழிக்கிற வேலை மந்தமாகிவிடுகிறது. கூடவே இருக்கும் என்.கே. செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்களின் கொல்லும் திறனும் குறைகிறது. அது மட்டுமில்லை, காயத்தை ஆற்ற வந்தது போல, ஒட்டிக்கொண்ட அந்தத் திசுவுக்கு ரத்தக்குழாயும் நரம்பும் முளைக்க வைக்கும் பொருட்களை மேக்ரோபேஜ்களே சுரக்கின்றன. புதிதாக முளைத்த நரம்பு, சுற்றிலும் ஓயாத அழற்சி. இந்த வலியை யாராவது 'எல்லாப் பெண்களுக்கும் இருக்கிறதுதானே' என்றால் எனக்குக் கோபமே வரும்.

லேப்ராஸ்கோபித் திரையில் நான் பலமுறை பார்த்திருக்கிறேன். தீபாவளிக்கு மறுநாள் வாசல் தரையில் வெடிமருந்து கருகிய புள்ளிகள் கிடக்குமே, வயிற்றின் உள்சவ்வில் அதே மாதிரி. கட்டியைத் திறந்தால் கருப்பட்டிப் பாகு போலப் பழைய ரத்தம். அதைச் சுற்றியிருக்கும் திசு சிவந்து, குடலோடு ஒட்டிக் கிடக்கும். எதிர்ப்பு அணுக்களின் படை வராத இடம் அப்படி இருக்காது. வந்த படை வழிமாறி நிற்கிறது, அவ்வளவுதான். அதற்கு இன்னும் 'சக்தி' ஏற்றி என்ன பயன்? எதிர்ப்பு சக்தியைத் திருத்தி இந்த நோயைக் குணமாக்கும் மருந்து இன்றைக்கு நடைமுறையில் இல்லை. வலி மாத்திரை, டைனோஜெஸ்ட் போன்ற ஹார்மோன் மாத்திரை, தேவைப்பட்டால் அறுவை சிகிச்சை, இவைதான் வழி.

தைராய்டும் இருப்பதாகச் சொன்னீர்கள். உடலின் எதிர்ப்பு சக்தி உடலையே தாக்கும் சில நோய்கள், இந்த நோய் உள்ள பெண்களிடம் சற்றுக் கூடுதலாகக் காணப்படுகின்றன. ஒன்றினால்தான் மற்றொன்று வந்தது என்று அதற்கு அர்த்தமில்லை. தைராய்டு மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

அப்புறம், குழந்தைக்கு முயற்சி செய்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. அதை உங்கள் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஹார்மோன் மாத்திரை சாப்பிடும் மாதங்களில் பெரும்பாலும் சினைமுட்டை வெளிவராது. குழந்தை வேண்டுமென்றால் சிகிச்சையையே வேறு மாதிரி திட்டமிட வேண்டியிருக்கும்.