பார்க்கர் 51 ஏன் பலருக்கு எக்காலத்துக்கும் பிடித்த மைப்பேனா?

முக்கியக் காரணம் அதன் மூடிய நிப்பு. 1941இல் விற்பனைக்கு வந்த இந்தப் பேனாவில், நிப்பின் நுனி மட்டும் வெளியே தெரியும். மீதி கூட்டுக்குள் இருக்கும். காற்று அதிகம் படாததால் மை சீக்கிரம் காயாது, தட்டு போட்டு மூடிய சாதம் வறண்டு போகாத மாதிரி. யோசித்து யோசித்து எழுதுபவர்களுக்கு இதைவிட நல்ல பேனா இல்லை என்பேன்.

கூட்டுக்குள் மெல்லிய தகடுகள் அடுக்கிய பகுதி ஒன்று உபரி மையைப் பிடித்துவைக்கும். சிக்கலும் அங்கேதான்: இடுக்கில் பழைய மை காய்ந்தால் எழுத்து விட்டுவிட்டு வரும். பழைய பேனா வாங்கினால், தண்ணீரை உறிஞ்சவிட்டு வெளியேற்றி, நிறமில்லாமல் தெளியும்வரை கழுவுங்கள். வெந்நீர் வேண்டாம், கூடு வளைந்துவிடும்.

தங்க நிப்பு என்பதால்தான் வழுக்கிக்கொண்டு எழுதுகிறது என்று நினைக்கிறார்கள். தாளில் படுவது தங்கமல்ல, நுனியில் பற்றவைத்த கடினமான வேறு உலோகம்.