கர்னல் பூனின் குடும்பம் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் கென்டக்கியில், லெக்சிங்டனில் வசிக்கிறேன். சமீபத்தில் குடும்பத்தோடு ப்ளூ லிக்ஸ் போர்க்களத்துக்குப் போயிருந்தோம். அங்கே இறந்தவர்களில் டேனியல் பூனின் மகனும் ஒருவர் என்று தெரியவந்தது. பூன் என்றால் காட்டில் தன்னந்தனியாகத் திரிந்த வேட்டைக்காரர் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் உண்மையிலேயே மிலிஷியா, அதாவது ஊர்மக்களே சேர்ந்த படை, அதிகாரியா? அப்படிப்பட்ட ஒருவரின் குடும்பத்தை எங்கே தேடுவது?

வாசகர், லெக்சிங்டன்

அன்புள்ள நண்பருக்கு,

மாதக்கணக்கில் வேட்டைக்குப் போனவர்தான் பூன். ஆனால் 1756-ல் ரெபெக்கா பிரையனை மணந்து பத்துப் பிள்ளைகளுக்குத் தகப்பன் ஆனவர். 1774-ல் கிளிஞ்ச் பள்ளத்தாக்கின் கோட்டைகளைக் காத்த மிலிஷியா கேப்டன். ஃபேயெட் கவுண்டி (கவுண்டி என்றால் மாவட்டம் போன்ற பிரிவு) பிரிந்தபோது அதன் மிலிஷியாவில் லெப்டினன்ட் கர்னல்.

தேடத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் கவுண்டியில்தான் வழி தவறுகிறார்கள். ஆள் இருந்த இடத்திலேயே இருப்பார், கவுண்டி மாறிவிடும். முதலில் ஃபின்காசில், 1776 கடைசியில் கென்டக்கி கவுண்டி, 1780-ல் ஃபேயெட். 1792 வரை அந்த மண் வர்ஜீனியாவைச் சேர்ந்தது. ஆகவே லெக்சிங்டனில் இல்லாததை ரிச்மண்டில் உள்ள வர்ஜீனியா நூலகத்தில் தேடுங்கள்.

பூன் பெயரில் அமெரிக்கச் சுதந்திரப் போர் வீரர்களுக்கான ஓய்வூதிய மனு கிடைக்காது. ஆறு மாதமாவது பணியாற்றிய மிலிஷியாக்காரர்களுக்குப் பொதுவாக வழிவிட்டது 1832-ஆம் ஆண்டுச் சட்டம். பூன் 1820-லேயே இறந்துவிட்டார். ஆனால் அவருக்குக் கீழே இருந்தவர்கள் கிழப்பருவத்தில் நீதிமன்றத்தில் சத்தியம் செய்து மனு கொடுத்தார்கள். எந்தக் கோட்டை, எந்த மாதம், யார் தலைமை என்று அதில் சொல்லியாக வேண்டும். அதிகாரியைத் தேடுகிறவர் சிப்பாய்களின் மனுக்களைப் புரட்ட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். நில வழக்குகளையும் விடாதீர்கள். பூன் நிலம் அளந்தவர், எல்லைத் தகராறுகளில் சாட்சி சொன்னவர்.

இனி ப்ளூ லிக்ஸுக்கு வருகிறேன். 1782 ஆகஸ்ட் 19, சுதந்திரப் போரின் கடைசிக் கட்டம். ஒரு பக்கம் பிரிட்டிஷாரும் அவர்களோடு சேர்ந்த பழங்குடியினரும், மறுபக்கம் கென்டக்கி மிலிஷியா. சண்டை சில நிமிடங்களில் முடிந்தது. கென்டக்கிக்காரர்கள் எழுபது பேர் அளவில் மாண்டார்கள். அவர்களின் தலைவர்களில் கர்னல் ஜான் டாட் இறந்தார், ஸ்டீஃபன் ட்ரிக்கும் இறந்தார். ஆகஸ்ட் 30-ல் பூன் வர்ஜீனியா கவர்னர் பெஞ்சமின் ஹாரிசனுக்கு எழுதிய கடிதம் கிடைக்கிறது. கவுண்டியின் மிலிஷியா 130 பேருக்கு மேல் தேறாது, ஐந்நூறு பேரையாவது உடனே அனுப்புங்கள், எங்களை அடியோடு மறந்துவிடுவீர்களா என்று கேட்கிறார். தன் மகன் இஸ்ரேல், இருபத்துமூன்று வயதுப் பிள்ளை, அந்தக் களத்தில் செத்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். அரசாங்கக் காகிதத்தில் அதிகாரி மட்டும்தான் பேசுவார்.

தகப்பன் பேசுவது வேறு இடத்தில். 1851-ல் வரலாற்றுச் சேகரிப்பாளர் லைமன் டிரேப்பர் மிசௌரிக்குப் போய், பூனின் கடைசி மகன் நேதனையும் அவர் மனைவி ஆலிவையும் உட்காரவைத்துக் கேட்டு எழுதிக்கொண்டார். அந்தத் தாள்கள் விஸ்கான்சின் வரலாற்றுச் சங்கத்தில் இருக்கின்றன. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. போர் நடந்தபோது நேதனுக்கு ஒன்றரை வயது. அவர் சொல்வது வீட்டில் பல ஆண்டுகளாகக் கேட்டது, எழுபது வயதில் நினைவுகூர்ந்தது. தேதிக்கும் எண்ணிக்கைக்கும் கடிதத்தையே நான் நம்புவேன். யார் யாருக்கு எந்த உறவு, வீட்டில் எதைச் சொல்லி அழுதார்கள் என்பதற்கு நேதனிடம்தான் போக வேண்டும்.

வம்சாவளிப் படங்களில் விட்டுப்போகும் ஒரு வீடும் உண்டு. 1778-ல் உப்புக் காய்ச்சப் போன இடத்தில் பூன் ஷானி என்ற பழங்குடியினரிடம் பிடிபட்டார். அவர்களின் தலைவர் பிளாக்ஃபிஷ் அவரை மகனாகச் சுவீகரித்து ஷெல்டோவீ, அதாவது பெரிய ஆமை, என்று பெயரிட்டார். ஜூனில் பூன் தப்பி ஓடினார். செப்டம்பரில் அதே பிளாக்ஃபிஷ், பூன் அமைத்த குடியிருப்பான பூன்ஸ்பரோவை முற்றுகையிட்டார். ஷானிக்களின் வேட்டைக்காட்டில்தான் இந்தக் குடியேற்றம் நடந்தது என்பதையும் சேர்த்து எழுதாத குடும்ப வரலாறு எனக்கு அரைகுறைதான்.

உங்கள் தேடலை மனைவி வழியில் தொடங்குங்கள். ப்ளூ லிக்ஸ் சண்டைக்கு மூன்று நாள் முன்பு முற்றுகைக்கு உள்ளான பிரையன் ஸ்டேஷன் ரெபெக்காவின் சொந்தக்காரர்கள் அமைத்த கோட்டை. உங்கள் ஊருக்கு வெளியே கொஞ்ச தூரம்தான். பூன் என்ற பெயரோடு பிரையன் என்ற பெயரையும் வைத்து வட கரோலினாவின் ரோவன் கவுண்டி வரை பின்னோக்கிப் போங்கள். இரு குடும்பங்களும் அங்கிருந்துதான் வந்தன.