புதிதாக ஒரு குடியரசுத் தலைவர் வரும்போது மக்களும் ஊடகங்களும் அவரைக் கொண்டாடுவது சரியா?

மக்கள் தாராளமாகக் கொண்டாடட்டும். 2002 ஜூலையில் கலாம் பதவியேற்றபோது டெல்லியின் கரோல்பாக், ஆர்.கே.புரம் தமிழர்களுக்கு எவ்வளவு பெருமை! ராமேஸ்வரத்துப் பிள்ளை ராஷ்டிரபதி பவனுக்குள் போகிறார். எனக்கும் அந்தப் பெருமை உண்டு.

ஆனால் ஊடகம் சிரிப்பையும் எளிமையையும் மட்டுமே காட்டினால் போதாது. குடியரசுத் தலைவர் எதில் கையெழுத்துப் போடுகிறார் என்று பார்க்க வேண்டும். 2005-இல் பீகார் சட்டமன்றத்தைக் கலைக்க, மாஸ்கோவில் இருந்தபடியே கலாம் ஒப்புதல் தந்தார். அந்தக் கலைப்பு அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்று உச்ச நீதிமன்றம் பிறகு சொன்னது. அப்புறம் 2006-இல் ஆதாயப் பதவி மசோதாவை, அதாவது சில அரசுப் பதவிகளை வகித்தாலும் எம்.பி. பதவி பறிபோகாமல் காக்கும் மசோதாவை, மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினார். நாடாளுமன்றம் மீண்டும் நிறைவேற்றியதால் கையெழுத்திட வேண்டியதாயிற்று. ஆனாலும் கேள்வி எழுப்பினார் இல்லையா, என் முழுப் பாராட்டும் அதற்குத்தான்.