கூரையில் தேடாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மால்டா ஓவியர் மரியா தெ தொமினிச்சியைப் பற்றிப் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். இத்தாலிய ஓவியர் மத்தியா பிரெட்டியின் மாணவி, ரோமின் புகழ்பெற்ற சிற்பி பெர்னினியிடமும் பயின்றவர் என்று பிறகு ஓரிடத்தில் படித்தேன். ஓவியத்துக்காகக் கல்யாணம் வேண்டாமென்று கன்னியாஸ்திரி ஆனாராமே, சோகமில்லையா? என் மகளும் நன்றாக வரைவாள். வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். என்ன செய்வது?

க.

அன்புள்ள க.,

மரியாவைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம் வந்தது. பெர்னினியை முதலில் தூக்கி எறியுங்கள். அவர் இறந்தது 1680-இல். மரியா ரோமுக்குப் போனது 1682-இல். கழித்துப் பார்க்கவா சோம்பல்? ஒரு பெண் வரைந்தாள் என்றால் எந்த ஆண் சொல்லிக்கொடுத்தான் என்று தெரிந்தால்தான் நமக்குத் தூக்கம் வருகிறது.

பிரெட்டியிடம் பயின்றது உண்மை. ஆனால் அங்கேயும் இதே வியாதிதான். மால்டாவின் தலைநகர் வல்லெட்டாவிலுள்ள புனித யோவான் பேராலயத்துக்கு நான் போனபோது வழிகாட்டி மேலே கையைக் காட்டி, “அந்தப் பெண் உருவங்களில் சில மரியா வரைந்தவை” என்றார். கழுத்து வலிக்க வலிக்கத் தேடினேன். 1661 முதல் 1666 வரை பிரெட்டி சுண்ணாம்புக் கல்லின் மேலேயே எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய கூரை அது. சில உருவங்களுக்குக் கீழே அவர் போட்டிருக்கும் நிழலைப் பார்த்தால் சிலை என்றே தோன்றும். அதில் ஒரு கன்னத்தையோ முந்தானையையோ காட்டி “இது மரியா” என்று எதை வைத்துச் சொல்வது? மரியாவைப் பற்றிய பழைய கதைகளில் பல அவர் சகோதரரின் மகன் பெர்னார்டோ எழுதியவை. கதை கட்டுவதில் பேர்போனவர் அந்த மருமகன். அத்தை பெருமை பேச அவருக்கு உரிமை உண்டு, நமக்குக் கொஞ்சம் சந்தேகம் வேண்டாமா?

மால்டாவின் ஸெப்புஜ் ஊர்த் தேவாலயத்தில் இயேசுவின் தாய் மரியாள் எலிசபெத்தைச் சந்திக்கும் ஓவியம் இருக்கிறது. அது நம் ஓவியர் மரியாவுடையது என்றே அறியப்பட்டது. அதன் முன்னால் நின்று பார்க்க ஆளில்லை. கூரையில் ஒரு ஓரத்தில் இடம் கிடைத்ததா என்று கேட்கத்தான் கூட்டம். இவர் சிலையும் செதுக்கினார். அதையும் யாரும் பேசுவதில்லை. எனக்கு எரிச்சலாக வருகிறது.

அப்புறம் கன்னியாஸ்திரி விஷயம். அவர் மடத்துக்குள் அடைபட்டவர் இல்லை. கர்மேல் என்ற கத்தோலிக்கத் துறவற அமைப்பின் மூன்றாம் சபையைச் சேர்ந்தவர். மடத்துக்கு வெளியே வாழ்ந்துகொண்டே சபையின் ஒழுக்கத்தைக் கடைப்பிடிப்பவர்கள் அவர்கள். மால்டாவின் பிர்கு ஊரில் 1645-இல் பிறந்த பெண்ணுக்குக் கணவன் வீடு அல்லது மடம், இரண்டில் ஒன்றுதான் வழக்கம். இவர் இடையில் ஒரு வாசல் கண்டுபிடித்தார். அந்த வாசல் வழியாக ரோம் வரை போய், அங்கே வேலை பார்த்து, 1703-இல் அங்கேயே இறந்தார். இதைச் சோகம் என்கிறீர்கள். பக்தி இருந்ததா, கணக்கு இருந்ததா என்றெல்லாம் கேட்காதீர்கள், இரண்டும் இருந்திருக்கலாம்.

உங்கள் மகளா? என்ன செய்வது என்று என்னைக் கேட்கிறீர்களே, அவளைக் கேட்டீர்களா? கடிதம் முழுக்க அவள் என்ன வரைகிறாள் என்று ஒரு வரி இல்லை. வண்ணமா, பென்சிலா, முகமா, மரமா? அடுத்த கடிதத்தில் அதை எழுதுங்கள். மாப்பிள்ளை விவரம் எனக்கு வேண்டாம்.