புல்ஸ்னிட்ஸில் குடியேறலாமா?

தம்பி, ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் சிப் தொழிற்சாலை வேலை உறுதியானது அறிந்து மகிழ்ச்சி. நகரத்து வாடகை கட்டுப்படியாகாது, நாங்கள் இருக்கும் புல்ஸ்னிட்ஸில் வீடு எடுக்கலாமா, இத்தனை சின்ன ஊரில் ஒரு தமிழ்க் குடும்பம் தனித்துப் போய்விடாதா என்று கேட்டிருந்தீர்கள்.

தாராளமாக எடுங்கள். சிப் தொழிற்சாலைகள் பெரும்பாலும் டிரெஸ்டனின் வடக்கே, கிளோட்சே பக்கம் இருக்கின்றன. கமென்ஸிலிருந்து டிரெஸ்டன் போகும் ரயில் எங்கள் ஊரிலும் நிற்கும், கிளோட்சேயிலும் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் கிடையாது. சனிக்கிழமையே அரிசி, பால் வாங்கி வைத்துவிட வேண்டும்.

தனித்துப் போவதைப் பற்றிக் கேட்டீர்களே, அதற்குத்தான் இந்த ஊரின் கதை தெரிய வேண்டும். எண்ணாயிரம் பேர்கூட இல்லாத ஊர். 1558 முதல் இங்கே மசாலா ரொட்டி சுடுகிறார்கள். மாவைப் பிசைந்து வாரக்கணக்கில் ஊறவிட்டு, பட்டை, கிராம்பு, ஏலக்காய் சேர்த்துச் செய்வது. அந்தக் கடைகளின் வாசலில் நின்றால் நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியைத் திறந்த வாசனை வரும். அவுரிச் சாயத்தில் துணி அச்சிடும் பட்டறையும் உண்டு. வைமார் நகரில் இருக்கும் ஜெர்மன் கவிஞர்கள் கெத்தே, ஷில்லர் சிலையை வடித்த ரீட்ஷல் பிறந்ததும் இங்கேதான்.

ஆனால் நமக்கு நெருக்கமானவர் வேறொருவர். 1682இல் இவ்வூரில் பிறந்த சீகன்பால்கு, ஜெர்மனியின் ஹாலே நகரில் படித்துவிட்டு, டென்மார்க் அரசர் அனுப்ப 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் கரையிறங்கினார். சிறு பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். ஹாலேயிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் அளவில் பெரிதாக இருந்ததால் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்க்கச் செய்து புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். மதம் பரப்ப வந்தவர்தான். ஆனாலும் நம் ஏடுகளைத் தேடித்தேடிச் சேர்த்துப் பட்டியலிட்டார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் எழுதிய நூலை ஹாலேயில் இருந்தவர்கள் அச்சிட மறுத்தார்கள். 1867இல்தான் சென்னையில் அது அச்சேறியது. 1719இல் தரங்கம்பாடியிலேயே இறந்தார். இந்த மனிதரை நான் உள்ளன்போடு மதிக்கிறேன்.

நாங்கள் தமிழர் என்றதும் பக்கத்து வீட்டுப் பெரியவர் சீகன்பால்குவின் பெயரைத்தான் முதலில் சொன்னார். பேச்சு அங்கிருந்து தொடங்கிவிடும். ஆனால் ஜெர்மனில் தொடங்க வேண்டும். முதியவர்கள் கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் பள்ளியில் கட்டாயமாகப் படித்தது ரஷ்ய மொழி. பலருக்கு ஆங்கிலம் வராது. வரும் முன்பே வகுப்பில் சேர்ந்துவிடுங்கள். தங்கச்சியும் சேரட்டும், பகலில் கடைக்கும் மருத்துவரிடமும் போகப்போவது அவர்தானே.

வீடு பார்க்கும்போது, சொல்லும் வாடகையில் வெப்பமூட்டும் செலவு சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். பல வீடுகளில் சமையலறை வெறும் அறையாகவே இருக்கும். அடுப்பும் அலமாரியும் நாமே வாங்க வேண்டியிருக்கும், அந்தப் பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட சான்று இல்லாமல் பதிய மாட்டார்கள், சாவி வாங்கும்போதே அதையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.